காற்றைக் கேட்டுக் கடந்த பாலம்

உச்சிப்புளி வரைக்கும் அது சாதாரண பாசஞ்சர் வண்டிதான். பனங்காடு, உடைமரம், உப்புப் பூத்த தரை, இடையிடையே ஓர் ஊருணி. மானாமதுரையில் கூடையோடு ஏறிய கொய்யாப்பழக்காரர் பரமக்குடியிலேயே இறங்கியிருப்பார். மண்டபம் ஸ்டேஷனைத் தாண்டியதும் சக்கரத்தின் சத்தம் மாறும். அதுவரை தடதடத்து வந்த வண்டி, போகிறதா நிற்கிறதா என்று சந்தேகப்படும்படி மெதுவாகும். தூங்கிக்கொண்டு வந்த பெரியவர்கள் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காருவார்கள். சாப்பாட்டுத் தூக்குகள் மூடப்படும். மேல் பலகையில் படுத்திருந்தவர்கள் இறங்கி வந்து, தெரியாதவர் சன்னலில்கூட உரிமையோடு தலையை நீட்டுவார்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். பிறகு தரை சட்டென்று முடிந்துபோகும். சன்னலுக்குக் கீழே தண்ணீர்.

பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கடந்துபோன யாருக்கும் அந்தக் கணம் மறந்திருக்காது. பாலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. ஒற்றைத் தண்டவாளம், அதைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள், உத்தரங்களைத் தாங்கும் தூண்கள், அவ்வளவுதான். பெட்டியைவிடப் பாலம் பெரிதாக அகலமில்லை என்பதால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் பாலமே படாது. கடலுக்கும் நமக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். தீவை நோக்கிப் போகையில் இடப்பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணை. வலப்பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் ஆனி ஆடியில் தென்கடல் குமுறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் எல்லாம் நேர்மாறு. ஒரே நேரத்தில் இரண்டு கடல்களின் இரண்டு குணங்களையும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்க்க அந்தப் பெட்டிக்குள் நேரம் கிடைத்தது. வண்டி மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. இரண்டு கிலோமீட்டர் தூரத்தைப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு கடக்கும். எனக்கு ஏக்கம் அந்தப் பத்து நிமிடத்தின் மீதுதான்.

அப்பத்தா சுருக்குப்பையிலிருந்து சில்லறையை எடுத்து எங்கள் கையில் தருவாள். ஆளுக்கு இரண்டு காசு. "கைய ரொம்ப வெளிய நீட்டாதய்யா. ஒண்ண ராமநாதருக்குப் போடு. ஒண்ண போனவுகளுக்குப் போடு" என்பாள். போனவுக என்றால் யார் என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டதில்லை. தை அமாவாசைக்குத் திதி கொடுக்கப் போகிற குடும்பத்தில் அந்தச் சொல் இயல்பாகப் புழங்கியது. தாத்தாவைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு காசை வீசுவோம். அது தண்ணீரில் விழும் சத்தம் கேட்காது. இரும்பு உத்தரத்தில் பட்டு 'டிங்' என்று தெறித்தால் அது கணக்கில் சேராது என்று அண்ணன் சொல்வான். உடனே அவளிடம் இன்னொரு காசு கேட்போம். அவளும் கொடுப்பாள்.

அவள் சொன்ன இரண்டாவது காசுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பின்னால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

அந்தப் பாலம் ராமேஸ்வரத்துக்காக மட்டும் கட்டப்பட்டதில்லை. வெள்ளைக்காரர்களின் கண் இலங்கையின் மீது இருந்தது. சென்னையையும் கொழும்பையும் ஒரே டிக்கெட்டில் இணைக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். தலைமன்னார் வரை கடல் முழுவதற்கும் பாலம் போடுகிற யோசனை கட்டுபடியாகவில்லை. அதனால் பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம் போட்டு, தண்டவாளத்தைத் தனுஷ்கோடி வரை நீட்டி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்கு ஆட்களைக் கொண்டுபோவது என்று முடிவானது. 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போகும் அந்தப் பயணத்துக்கு மக்கள் வைத்த பெயர் போட்மெயில். கப்பல் நின்று நாற்பது வருடத்துக்குப் பிறகும், சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு இரவில் கிளம்பும் வண்டியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் போட்மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

டிக்கெட் எடுத்துக் கௌரவமாகப் போனவர்கள் கொஞ்சம் பேர். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன சனம் ஏராளம். மண்டபத்தில் அவர்களுக்கென்றே இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் தங்கவைத்து, பிறகு ரயிலேற்றி அனுப்புவார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று மழை பொய்த்த ஊர்களிலிருந்தெல்லாம் வந்தவர்கள் அவர்கள். அப்பத்தாவின் அண்ணன் அப்படித்தான் கண்டிச் சீமைக்குப் போனார். வழியனுப்ப மண்டபம் வரை வந்தவள், பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துபோவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். "ரொம்ப நேரம் தெரிஞ்சுதுய்யா. போகமாட்டேன்னு சொல்றமாதிரி போச்சு" என்று ஒருமுறை சொன்னாள். அவர் திரும்பி வரவில்லை. கடிதம் கொஞ்ச காலம் வந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் சில லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு. தேயிலைத் தூரில் பிறந்து, தமிழ்நாட்டை ஒருநாளும் பார்த்திராதவர்கள் தாயகம் திரும்புகிறவர்கள் என்ற பெயரில் கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களும் இதே பாலத்தின் மேல்தான் எதிர்த்திசையில் வந்தார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறியிருக்கும், கடல் அதேதான். கொழுந்து பறித்த விரல்களோடு பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எந்தப் பக்கம் பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. வந்துகொண்டிருந்த கரையையா, பின்னால் விட்டு வந்த கரையையா? 1983-க்குப் பிறகு அகதிகளாகப் படகில் வந்தவர்களுக்கும் மண்டபத்தின் அதே பழைய முகாம் இடம் கொடுத்தது. ஊரை விட்டவர்களின் பாதையில் போடப்பட்ட பாலம் அது. ஏக்கம் என்பது அதன் உப்போடு சேர்ந்தே ஊறியது.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது அலைக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வண்டி பாலத்திலிருந்து கடலில் விழுந்தது என்று இன்றைக்கும் சுற்றுலா வேன்களில் சொல்கிறார்கள். பாலம் அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை. வண்டி தீவுக்குள் வந்துவிட்ட பிறகு, தனுஷ்கோடிப் பக்கத்துத் தரையிலேயே கடல் ஏறி வந்து அதை எடுத்துக்கொண்டது. அதே இரவில் பாலமும் செத்தது என்றுதான் சொல்ல வேண்டும். 120-க்கும் மேற்பட்ட கண்களின் உத்தரங்களை அலை பிடுங்கிப்போட்டது. நடுவிலிருந்த தூக்குப்பாலம் மட்டும் அசையாமல் நின்றது.

ஈ. ஸ்ரீதரன் அப்போது முப்பத்திரண்டு வயது எஞ்சினியர். பின்னாளில் கொங்கண் ரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர். பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதக் கெடு வைக்கப்பட்டது, பிறகு அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. அவர் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த உத்தரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, மேலே தூக்கி, பழைய தூண்களின் மேலேயே மறுபடி பூட்டினார்கள். புதிய இரும்புக்குக் காத்திருந்தால் மாதங்கள் போயிருக்கும். எங்கே எது கிடக்கிறது என்று சொன்னவர்கள் அந்தக் கடலில் தொழில் செய்த மீனவர்கள். தனுஷ்கோடித் தடம் மட்டும் திரும்பப் போடப்படவே இல்லை. பாலம் பிழைத்தது, அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த ஊர் பிழைக்கவில்லை.

அப்பத்தாவின் இரண்டாவது காசு அந்த வண்டியில் போனவர்களுக்கும் சேர்த்துத்தான். அவள் அதை விளக்கிச் சொன்னதில்லை. பாம்பன் ஸ்டேஷன் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, பையெல்லாம் எடுத்து வைங்க" என்பாள்.

தூக்குப்பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. பாம்பன் கால்வாய் ஆழம் குறைந்தது, அடியில் பாறை. அதை வெட்டி ஆழப்படுத்தித்தான் சிறு கப்பல்கள் போகும் வழியாக்கினார்கள். அந்த வழி இல்லையென்றால் சின்னச் சரக்குக் கப்பலும்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆகவே ரயில் வரும்போது மூடியிருக்கவும், கப்பல் வரும்போது திறக்கவும் ஒரு கண் தேவைப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்சர் என்பவரின் பெயரால் அறியப்படும் முறை அது. நடுக்கண் இரண்டு இலைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் இலையின் பின்பக்கமும் வட்டத்தின் ஒரு துண்டைப்போல வளைந்திருக்கும். தொட்டிற்கட்டில் ஆடும்போது அதன் வளைந்த கால்கள் தரையில் உருளுமே, அப்படி அந்த வளைவு தன் தடத்தின்மேல் பின்னோக்கி உருளும். உருள உருள முன்பக்கம் வானத்தை நோக்கி எழும். பின்னால் கட்டியிருக்கும் எதிரெடை முன்பக்கத்தின் கனத்தைத் தாங்கிக்கொள்வதால், நூற்றுக்கணக்கான டன் இரும்பைச் சில மனிதர்களின் தோள்பலமே தூக்கிவிடும்.

அதற்கு மோட்டார் கிடையாது. இரு பக்கத்திலும் ரயில்வேத் தொழிலாளர்கள் நின்று, நீளமான இரும்புத் தண்டுகளைப் பல்சக்கரத்தில் பொருத்தி, தண்டைத் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். செக்கைச் சுற்றும் நடைதான். கூடவே ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் அதற்கு ஏற்ப அடி வைப்பார்கள். நடுவில் இரண்டு இலைகளும் பூட்டியிருக்கும் இடம் விலகும்போது மெல்லிய வெளிச்சக்கோடு ஒன்று தெரியும், பிறகு அது விரியும். வடக்கே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் மிதவையும் இழுவைக் கப்பலும் முதலில் நகரும். அவற்றின் பின்னால் விசைப்படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். கரையில் எல்லோருக்கும் அது திருவிழா. பாம்பன் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பாலம் தூக்குகிறார்கள் என்ற சேதி பள்ளிக்கூட மணியைவிடப் பெரியது. அந்த இரும்பு இலைகள் 1914-இல் எப்படி எழுந்தனவோ ஏறக்குறைய அப்படியே, மனிதர்கள் தள்ள, நூறு வருடத்துக்கு மேல் எழுந்து எழுந்து இறங்கின. 2007-இல் மீட்டர்கேஜ் அகலப்பாதையானபோது பாலத்தை வலுப்படுத்தினார்கள். தூக்கும் முறையில் கைவைக்கவில்லை.

வண்டி மெதுவாகப் போனதற்குக் காரணம் அந்த இரும்புதான். இரண்டு பக்கமும் உப்புக்காற்று. உலகத்திலேயே இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்று எஞ்சினியர்கள் சொல்வார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வண்ணம் பூசி முடிப்பதற்குள் முதல் முனை மறுபடி சிவந்துவிடும். வருடம் முழுவதும் யாராவது ஓர் ஆள் அந்தத் தூண்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு சுரண்டியபடியும் பூசியபடியும் இருப்பார். வண்டி கடக்கும்போது அவர்கள் ஒதுங்கி நின்று எங்களுக்குக் கை காட்டுவார்கள். அவர்கள் முகம் தெரிகிற அளவுக்கு, அவர்கள் சட்டையில் எந்த இடத்தில் வண்ணம் சிந்தியிருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு வண்டி மெதுவாகப் போகும். காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவியும் உண்டு. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். அப்புறம் எத்தனை அவசரக்காரராக இருந்தாலும் மண்டபத்திலோ பாம்பனிலோ உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தை அமாவாசைக்கு நேரமாகிறது என்று புரோகிதருக்கு வாக்குக் கொடுத்தவர்கள் தவிப்பார்கள். அப்பத்தா தவிக்கமாட்டாள். "காத்து விடட்டும், போவோம்" என்பாள். தீவுக்குள் நுழையக் காற்றிடம் அனுமதி வாங்கவேண்டும் என்பது அவளுக்குச் சரியான ஏற்பாடாகவே பட்டது. எனக்கும் இப்போது அப்படித்தான் படுகிறது.

1988 வரை வேறு தரைவழி கிடையாது. ராமேஸ்வரத்துக்கு யார் போனாலும், எது போனாலும், அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் போகவேண்டும், இல்லையென்றால் படகு. அரிசி, மண்ணெண்ணெய், கல்யாணப் பத்திரிகை, காசியிலிருந்து வந்த கங்கைச் சொம்பு, எல்லாமே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து விற்க உதவியதை அப்துல் கலாம் தம் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். உலகச் செய்தியும் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் அந்த ஊருக்குள் போனது. 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்துவைத்தார். தீவு மக்களுக்கு அது பெரிய விடிவு. ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியவர்கள் ரயில் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குத்தான் ரயில் பாலம் வேடிக்கைப் பொருளாகவும் ஆரம்பித்தது. அதுவரை அதன்மேல் போனவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள்.

இப்போது போனால் தெரியும். சாலைப் பாலத்தின் உச்சியில் வேன்கள், பஸ்கள், கார்கள் வரிசையாக நிற்கின்றன. நிறுத்தக்கூடாது என்று போலீஸ் விரட்ட விரட்ட, ஒரு வண்டி நகர்ந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. மாங்காய்க் கீற்று, வேர்க்கடலை, அன்னாசித் துண்டு. ஆந்திராவிலிருந்து, மகாராஷ்டிரத்திலிருந்து, வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றன. கோயிலுக்குள்ளும் அதே நெரிசல். இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் ஈரத்துணியோடு ஓட்டமாக ஓடுகிறது சனம், வாளித் தண்ணீர் தலையில் விழுவதற்குள் அடுத்தவர் தள்ளுகிறார். மூன்றாம் பிராகாரத்தின் நீளத்தை நின்று பார்க்க யாருக்கும் கால் நிற்கவில்லை. நான் அந்தக் கூட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். எங்களைப்போலவே அவர்களும் போனவர்களுக்காக வந்தவர்கள். வருவதற்கும் போவதற்கும் அவர்களுக்கு ஒரே நாள்தான் கிடைத்திருக்கிறது.

சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் ரயில் பாலங்கள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதியது. அதன் நடுக்கண் 72.5 மீட்டர் நீளம். இலையாகப் பிரியாமல், அப்படியே மொத்தமாக, இரு கோபுரங்களுக்கு நடுவே மின்மோட்டாரால் நேர்ச்செங்குத்தாக மேலே போகும். நாட்டில் இப்படிப்பட்ட முதல் பாலம் இதுதான். உறுதியான பாலம், அழகான பாலமும்கூட. பழையது அதன் பக்கத்தில் துருவேறி நிற்கிறது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் நின்றது. பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக மண்டபத்தோடு வண்டி முடிந்து, சனம் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரும்பு அதற்குமேல் தாங்காது என்ற நிலையில் நிறுத்தினார்கள், அது நியாயம். நூற்றெட்டு வருடம் அந்த உப்பில் நின்றதே பெரிது.

எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னப்பெண் அப்பாவைக் கேட்டாள். "அந்தக் கறுப்புப் பாலம் எதுக்குப்பா?" அவர் செல்போனிலிருந்து நிமிராமல், "அது பழசும்மா" என்றார். மாங்காய் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் ரயில் எப்போது வரும் என்று விசாரித்தேன்.

"சாயங்காலம் ஒண்ணு வரும் சார். போனத் தயாரா வச்சுக்கங்க. எடுக்கிறதுக்குள்ள போயிரும்."

"பழைய பாலத்துல அப்படி இல்லைல்லண்ணே?"

"அதுலயா? அதுல வண்டி மண்டபத்துக் கரையில ஏறுனா, நான் இங்கன ரெண்டு பேருக்கு மாங்கா அறுத்து, உப்பு மொளகாப்பொடி போட்டுக் குடுத்து, சில்லறையும் குடுத்துருவேன். அப்பவும் வண்டி தூக்குக்கு வந்திருக்காது." சொல்லிவிட்டுக் கையிலிருந்த கத்தியாலேயே பழைய பாலத்தைக் காட்டினார். "அந்தா, அந்தத் தூணுகிட்டதான் எங்கய்யா வலை போடுவாரு. மேல வண்டி போனா பிள்ளைக காசு போடும். நாங்க முங்கி எடுப்போம்."

எங்கள் காசுகள் எங்கே போயின என்று எனக்குத் தெரிந்தது. அப்பத்தா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

புதிய பாலத்தில் நானும் போனேன். வண்டி சீராகப் போகிறது, கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது, கச்சானும் வாடையும் அவையவை பாட்டுக்கு வீசுகின்றன. பக்கத்து சீட்டுக்காரர் பைக்குள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் பாம்பன் கலங்கரை விளக்கம் வந்துவிட்டது. தூங்கியவர்கள் எழவில்லை. மேல் பலகையில் படுத்திருந்தவர் இறங்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள், அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் கீழே மணல். பழைய பாலத்தில் பெட்டி முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து பயந்து, ஒன்றாகச் சேர்ந்து வாய்பிளந்து, மறுகரையில் ஒன்றாகச் சேர்ந்து மூச்சுவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் அறிமுகமானவர்கள் கோயிலில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். பாலத்தின் பலவீனம் எங்களுக்குக் கொடுத்த கொடை அது. புதிய பாலத்துக்கு அந்தப் பலவீனம் வரவேண்டும் என்று எந்தப் புத்தியுள்ளவரும் வேண்டமாட்டார். ஆனாலும் மனம் கேட்கிறது, நடுவழியில் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் என்ன?

பழைய பாலத்தைக் கழற்றி அகற்றுவது என்று ரயில்வே முடிவெடுத்திருக்கிறது. படகுகளுக்கு இடைஞ்சல், புதிய பாலத்துக்கு ஆபத்து என்று அதற்கும் காரணங்கள் உண்டு. புயலில் ஓர் உத்தரம் பிய்ந்துபோய்ப் பக்கத்துப் பாலத்தில் மோதினால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் யோசிக்கத்தான் வேண்டும். 2013-இல் ஒரு மிதவை வந்து இதே பாலத்தில் மோதியது ஊருக்கு நினைவிருக்கிறது. கடலுக்குள் நிற்பதைக் கழற்றட்டும். ஆனால் அந்தத் தூக்குப்பாலத்தைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு லாரியில் ஏற்றிவிடக் கூடாது. 1964-இல் கடலே விட்டுவைத்த கண் அது. இரண்டு இலைகளில் ஒன்றையாவது, அதன் வளைந்த தடத்தோடும் எதிரெடையோடும் பல்சக்கரத்தோடும், மண்டபத்திலோ பாம்பனிலோ கரையில் நிறுத்திவைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். எண்ணெய் போட்டு உருளும் நிலையில் இருக்கவேண்டும். சாலைப் பாலத்தில் கேள்வி கேட்ட அந்தச் சின்னப்பெண்ணைப் போன்ற பிள்ளைகள் பத்துப்பேர் சேர்ந்து தண்டைத் தள்ள, அந்தப் பெரிய இரும்பு அவர்கள் கைக்கு அசைந்து எழவேண்டும்.

பக்கத்திலேயே ஒரு சுவரில் போட்மெயிலின் வழித்தடம், முகாமில் தங்கிப்போனவர்களின் கதை, 653-இல் போனவர்களில் யார் யார் பெயர் கிடைக்கிறதோ அந்தப் பெயர்கள். தண்டைச் சுற்றிய தொழிலாளர்கள், தூணில் தொங்கிக்கொண்டு வண்ணம் பூசியவர்கள், காற்றுமானியைப் பார்த்துச் சிக்னலை மாற்றியவர்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் ஓய்வுபெற்று இருக்கிறார்கள். தூக்கும்போது என்ன குரல் கொடுப்பார்கள், எந்தக் காற்றில் எந்தத் தூண் அதிரும், புயல் கூண்டு ஏறினால் முதலில் எதைப் பூட்டுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போக ஆள் வேண்டும். உத்தரங்களைக் கழற்றும் வேலை நடக்கிற காலத்திலேயே இதையும் செய்துவிட வேண்டும்.